பட்டி பார்த்த கதை

ஓடுகிற காரிலிருந்து என் தாயாரின் செருப்பு நடுரோட்டில் விழுந்தது என்று சொன்னால், ஜன்னல் வழியாக விழுந்திருக்கும் என்றுதான் எண்ணுவீர்கள். அப்படி இல்லை. தரை வழியாக விழுந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ராமானுஜரைச் சேவித்துவிட்டு ஒரகடம் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் ஸீட்டில் இருந்த அம்மா காலைக் கொஞ்சம் அழுத்தி ஊன்றினாள். கிழிந்த ரப்பர் விரிப்புக்கு அடியில், தகடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. கால் போகாமல் செருப்போடு போயிற்றே என்று அவள் பெருமாளுக்கு நன்றி சொன்னாள். அப்பா இறங்கி நடந்துபோய், அந்தச் செருப்பை எடுத்து, மண்ணைத் தட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத்தான் வயிற்றைக் கலக்கியது. அதற்குக் காரணம் உண்டு.

வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1967ஆம் வருஷத்தது. அப்பா 1979ல் இரண்டாம் கையாக வாங்கினார். இந்த வண்டியின் பிறப்பே ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு கம்பெனிக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்த தொழிற்சாலையை 1953ல் போட்டிக் கம்பெனி ஒன்று வாங்கிவிட்டது. முழு உடம்பாகச் செய்து தர ஆள் கிடைக்கவில்லை. ஆகவே துண்டு துண்டாகச் செய்து, தனிச் சேஸிஸின் மேல் போல்ட் போட்டு முடுக்கிவிடுவது என்று தீர்மானித்தார்கள். மிக்கெலோட்டி என்ற இத்தாலியர் உருவம் வரைந்து கொடுத்தார். 1959ல் அங்கே ட்ரையம்ப் ஹெரால்டு என்று வெளிவந்தது. 1961ல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கத்து ஆலையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. பானெட்டை முன்பக்கமாகக் கவிழ்த்தால் இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்தே கவிழும். முதலை வாயைத் திறந்தது போல் இருக்கும். 25 அடி வட்டத்துக்குள் வண்டியைத் திருப்பிவிடலாம். அந்த ஆலை 1980களின் கடைசியில் நின்றுபோயிற்று.

வண்டலூரிலிருந்து ஒரகடம் போகிற அதே சாலையில், படப்பைக்கு அருகே ஒரு டிங்கர் மேஸ்திரி இருக்கிறார். வேப்பமரமும் தகரக் கொட்டகையும்தான் பட்டறை. அதற்கு முன்னால் நாள் முழுவதும் நீண்ட டிரெய்லர் லாரிகள் புத்தம் புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு போகின்றன. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் வந்தது. அங்கெல்லாம் துத்தநாகம் பூசிய தகடுகளை இயந்திரக் கைகள் ஆயிரக்கணக்கான புள்ளிகளில் பற்றவைக்கின்றன. பிறகு உடம்பை முழுசாகத் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். மேஸ்திரியின் மகன் அப்படி ஓர் ஆலையில் ஒப்பந்த வேலை பார்க்கிறான். "அங்க துருங்கற பேச்சே கெடையாதுப்பா" என்பானாம். "அதுக்கும் ஒரு இருவது வருஷம் போகட்டும்" என்பாராம் மேஸ்திரி.

அவர் முதலில் பாட்டரி இணைப்பைக் கழற்றினார். ஹெரால்டுக்குப் பெட்ரோல் டாங்கி டிக்கிக்குள் இருக்கிறது. அதை எடுத்துத் தூரத்தில் வைத்தார். ஸீட்டையும் விரிப்பையும் வெளியே போட்டார். பிறகு ஒரு ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டங்' என்றது. கதவுக்குக் கீழே வந்ததும் 'பொத் பொத்' என்று மண்சுவர் மாதிரி சத்தம்.

"பட்டி" என்றார்.

கிரைண்டரை வைத்தார். வர்ணம் போனது, அதன் கீழ் விரல் தடிமனுக்குப் பட்டி, அதன் கீழ் நார்ப்பாய். அதையும் பெயர்த்தபோது உள்ளேயிருந்து தாரில் நனைத்துச் சுருட்டி அடைத்த செய்தித்தாள் உருண்டை உருண்டையாக வந்தது.

"எந்தப் புண்ணியவான் பண்ண வேலைங்க இது?"

நான் வேப்பமரத்தைப் பார்த்தேன். அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்து வந்து, ஓர் உருண்டையைப் பிரித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். தார் படாத மூலையில் தேதி தெரிந்தது.

"2003, ஆகஸ்டு" என்றார். "அந்த வருஷந்தானே உன் முதல் புஸ்தகம் வந்தது?"

"ஆமாம்ப்பா."

அவ்வளவுதான். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார்.

வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. வண்டியைச் சரியாகச் செப்பனிட வேண்டுமென்று அப்பா அந்த வருஷம் 30,000 ரூபாய் என் கையில் கொடுத்தார். 9,000 ரூபாய்க்கு மினுக்கிக் கொடுக்க ஒரு பட்டறை இருந்தது. மீதிப் பணம் அச்சகத்துக்குப் போயிற்று. ஐந்நூறு பிரதிகள் போட்டேன். முந்நூறு இன்னும் பரணில் இருக்கின்றன. கறையான்கூடத் தொடவில்லை, கதைகளின் தரம் அப்படி. வண்டி பளபளவென்று வந்து நின்றதும் அப்பா சுற்றிச் சுற்றிப் பார்த்தார். எனக்குத் தெரிந்தது, அவர் ஏமாந்துவிட்டார் என்பதுதான். இருபது வருஷமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

பட்டியின் துரோகம் என்னவென்றால், அது துருவை நிறுத்துவதில்லை, மறைக்கிறது. இடுக்கில் புகும் தண்ணீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கித் தகட்டைத் தின்கிறது. ஹெரால்டின் சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் கை நீட்டுவது போலத் துணைச் சட்டங்கள் போகும். உடம்பின் ஓரங்களைத் தாங்குபவை அவைதாம். அவற்றில் இரண்டு மாவாய் உதிர்ந்திருந்தன. இந்த வண்டியில்தான் என் தங்கையைப் பிரசவத்துக்கு அழைத்துப்போனோம் என்பது அப்போது ஞாபகம் வந்தது.

மேஸ்திரி வெட்ட ஆரம்பித்தார். துரு தெரிந்த இடம் மட்டும் அல்ல. அதைத் தாண்டி, தகடு வெள்ளையாக மின்னுகிற இடம் வரை வெட்டினார். "ஊத்தைப் பல்லுல சிமென்ட் வைக்க முடியுமா தம்பி?" என்றார். பழைய காலண்டர் அட்டையில் மாதிரி வெட்டி, அதன்படி 20 கேஜ் தகட்டை நறுக்கி, மரச்சுத்தியால் வளைத்தார். கதவுக்குக் கீழ்ச் சட்டத்தில் கை வைக்குமுன் கதவு வாசலுக்குக் குறுக்கே ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்தார். இல்லாவிட்டால் வெட்டும்போது உடம்பு தொய்ந்து, பிறகு கதவு மூடவே மூடாதாம். நான் துருப்பிடிக்காத ஜி.ஐ. தகடு போடலாமே என்று புத்திசாலித்தனமாகக் கேட்டேன். அதைப் பற்றவைத்தால் எழும் வெள்ளைப் புகையைச் சுவாசித்து ஒரு ராத்திரி குளிர்காய்ச்சலில் கிடந்ததைச் சொன்னார்.

பற்றவைப்பது சி.ஓ.டூ. வெல்டிங். துப்பாக்கி போன்ற பிடியிலிருந்து மெல்லிய கம்பி தானாக வரும். கரியமில வாயு சூழ நின்று காற்றை அண்டவிடாது. ஆனால் கோடு இழுப்பது போல் ஒரே வீச்சாக இழுத்துவிடக் கூடாது. மெல்லிய தகடு சூட்டில் அப்பளமாகக் கோணிவிடும். இங்கே ஒரு புள்ளி, எதிர் மூலையில் ஒரு புள்ளி, பிறகு ஒரு பீடி. தொட்டுப் பார்த்துச் சூடு ஆறியபின் அடுத்த புள்ளி. பக்கத்தில் ஈரச் சாக்கும் ஒரு வாளித் தண்ணீரும். வேலையின் முக்கால் பங்கு காத்திருப்பதுதான். இப்போதைய பெரிய பட்டறைகளில் இதற்குப் பொறுமை இல்லை. முழுப் பலகையையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிது மாட்டுகிறார்கள். ஹெரால்டுக்குப் புதிது கேட்டால் எங்கே போவது?

பதினொரு நாள் ஆயிற்று. புள்ளிகளைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, இணைப்புகளுக்கு மெழுகுப் பசை பூசி, உட்புறம் எண்ணெய் பீய்ச்சினார். தரையின் ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தன. வேலை அரைகுறையோ என்று குனிந்து பார்த்தேன்.

"அதை மட்டும் அடைச்சுடாதீங்க. தண்ணி போற வழி அது."

பணத்தை நான் கொடுக்கப் போனபோது அப்பா ஏற்கெனவே கொடுத்திருந்தார். நான் ஆட்சேபித்தேன். "2003ல கொடுத்தது புஸ்தகத்துக்கு. இதுதான் வண்டிக்கு" என்றார். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். மேஸ்திரி புது விரிப்புடன் வந்துவிட்டார்.

அப்பா முன் ஸீட்டுக்குப் போகாமல் பின்னால் ஏறிச் செருப்பைக் கழற்றினார். இரண்டு பாதங்களையும் செந்நிறத் தகட்டின் மேல் வைத்து அழுத்தினார். பிறகு ஒரு தடவை மிதித்தார். 'டங்' என்றது.

"விரிப்பு வேண்டாம். வீடு வரைக்கும் இப்படியே போகலாம்" என்றார்.

அம்மா மட்டும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.