தங்கவயலில் ஒரு பாட்டு வட்டம்

சுரங்கம் மூடிய ஊரில் டிசம்பர் இரவுகளில் சுற்றும் கேரல் குழுக்களுக்குப் புதிய கைகள் தேவைப்படுகின்றன

மாரிக்குப்பம் ஸ்டேஷனில் இரவு ரயில் வந்து நின்றதும் கூட்டம் அவசரமாகக் கலைகிறது. பெங்களூரில் வேலை முடித்து, சுமார் நூறு கிலோமீட்டர் பயணம் செய்து திரும்புகிறவர்கள். ஆனால் டிசம்பர் பிறந்து கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் இவர்களில் சிலர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. டிபன் பையை வீட்டு வாசலில் கொடுத்துவிட்டு, கிடாரை எடுத்துக்கொண்டு சர்ச்சுக்கு ஓடுகிறார்கள். கேரல் ரவுண்ட்ஸ் புறப்படும் நேரம் அது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் வாழும் எந்த ஊருக்கும் தெரிந்த வழக்கம்தான் இது. சபையைச் சேர்ந்த ஒரு குழு இரவில் வீடு வீடாகப் போகும். ஒரு கிடார், ஒரு டோலக், கைத்தாளம், பஞ்சுத் தாடியோடு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா. இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு காபியும் முறுக்கும். கோலார் தங்கவயலில் இதற்குக் கூடுதலாக ஓர் அர்த்தம் இருக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கே கால் வைத்த பிறகு, வட ஆற்காட்டிலிருந்தும் சுற்றியுள்ள மாவட்டங்களிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீப் சுரங்கம் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. 800 டன்னுக்கும் அதிகமாகத் தங்கம் வெளியே போனது. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி எல்லாம் நின்றது. மிஞ்சியவை சயனைடு மண்மேடுகள், துருப்பிடித்த இரும்புக் கோபுரங்கள், நீள நீளமான லைன் வீடுகள். அந்த லைன்களுக்கு நடுவேதான் கேரல் குழு நடக்கிறது.

முதல் தடவை கிடாரோடு வருகிற இளைஞனுக்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. வட்டத்தின் ஓரத்தில் ஓர் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். மூத்த கிடார்காரரின் இடது கையைப் பார்த்தபடி நின்றால், அவர் விரல் மாறும்போது தன் விரலையும் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலான ஆங்கில கேரல்களுக்கு ஜி, சி, டி என்ற மூன்று கார்டுகளே போதும். பாடுகிறவர்களின் குரலை அமுக்காமல் வாசிக்க வேண்டும் என்பது முதல் விதி. வீட்டு வாசலில் நின்றுகொண்டு சுருதி கூட்டக்கூடாது, அதைக் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது இரண்டாவது.

சிக்கல் கீர்த்தனையில் வருகிறது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) காலத்திலிருந்து தமிழ்க் கிறிஸ்தவர்கள் ராகத்திலும் தாளத்திலும் பாடி வரும் பாட்டுகள் இவை. மேற்கத்திய கார்டுகள் இவற்றில் எல்லா இடத்திலும் ஒட்டுவதில்லை. ஒட்டாத கார்டை அழுத்தி வாசித்தால் பாட்டி ஒருத்தி திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வை போதும். விஷயம் தெரிந்தவர்கள் அப்போது கார்டை விட்டுவிட்டு, தம்புரா மாதிரி ஆதார சுருதியை மட்டும் மீட்டிக்கொண்டிருப்பார்கள். எப்போது வாசிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் புதியவன் கற்கும் முதல் பாடம்.

இந்தப் பாடத்துக்கு உலகின் மறுபக்கத்தில் ஒரு ஜோடி உண்டு. கோலாருக்கு மேற்பார்வையாளர்களாக வந்த வெள்ளையர்களில் பலர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள். அதே கார்ன்வால்காரர்கள் கலிபோர்னியாவின் கிராஸ் வேலி என்ற தங்கச் சுரங்க ஊருக்கும் போனார்கள், தங்கள் ஊர் கேரல்களையும் கூடவே எடுத்துக்கொண்டு. அங்கே எம்பயர் சுரங்கம் 1956இல் மூடப்பட்டது. ஆனால் கார்னிஷ் கேரல் பாடும் வழக்கம் மூடப்படவில்லை.

அதே கிராஸ் வேலியில் 1970களில் ஒரு புளூகிராஸ் இசை விழாவும் தொடங்கியது. பேஞ்சோ, மாண்டலின், பிடில், கிடார் ஆகியவற்றோடு வாசிக்கப்படும் இந்த அமெரிக்க கிராமிய இசைக்குப் பெயர் வந்தது கென்டக்கியைச் சேர்ந்த பில் மன்றோவின் (1911-1996) குழுவிடமிருந்து. விழா மேடையைவிட ருசியான சங்கதி, கூடாரங்களுக்கு நடுவே வட்டமாக நின்று வாசிக்கும் ஜாம். பாட்டைத் தொடங்குகிறவர் சுருதியைச் சொல்வார். தனியாக வாசிக்கும் முறை ஒவ்வொருவராகச் சுற்றி வரும். தயாராக இல்லாதவர் தலையசைத்து அடுத்தவருக்கு விட்டுவிடலாம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முடிக்கப் போகிறோம் என்பதற்கு அடையாளமாகக் காலை லேசாகத் தூக்குவார்கள். தங்கவயலில் குழுத் தலைவர் கையைத் தூக்குகிறார். மற்றபடி வட்டம் ஒன்றுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. கிராஸ் வேலிக்கு வெளியூர்க்காரர்கள் விழாவைத் தேடி வருகிறார்கள். தங்கவயலிலிருந்து ஆட்கள் வெளியே போய்க்கொண்டிருக்கிறார்கள். சுரங்க காலத்தில் கிளப் நடனங்களுக்குப் பெயர் பெற்றிருந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போய்விட்டன. சுரங்கத் தொழிலாளிகளின் பிள்ளைகள் பெங்களூர் போகிறார்கள், சிலர் தினமும், சிலர் நிரந்தரமாக. பூட்டிய வீட்டு வாசலில் கேரல் குழு நிற்பதில்லை. நடையும் சுருங்குகிறது, குரல்களும் குறைகின்றன. பாஸ் குரலுக்கு இருந்த ஒரே ஆள் ஊரைவிட்டுப் போனால் அந்த வருஷம் பாட்டுக்கு அடித்தளம் இல்லை.

அதனால்தான் இங்கே புதியவனின் தப்புகளுக்கு மன்னிப்பு தாராளம். கார்டு தவறினால் டோலக்காரர் ஓசையைக் கொஞ்சம் கூட்டி மறைத்துவிடுகிறார். சர்ச்சுக்கே போகாத பக்கத்து லைன் பையன் தாளம் தட்ட வந்தாலும், "வாடா தம்பி, இப்படி நில்லு" என்று இடம் விடுகிறார்கள். கிறிஸ்துமஸுக்காக வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் இருக்கும் வீட்டில் மட்டும் பாட்டு இரண்டோடு முடிவதில்லை. வாசலில் நிற்கும் பெரியவர் மூன்றாவது பாட்டைத் தானே தொடங்கிவிடுவார், அவர் குரலுக்கு வசதியான சுருதியில். கிடார்காரர்கள் அவசரமாகக் கேப்போவை நகர்த்துகிறார்கள். புதியவனும் நகர்த்துகிறான், அரைக் கட்டை தப்பாக. பக்கத்தில் இருப்பவர் பாடுவதை நிறுத்தாமலே கை நீட்டி அதைச் சரிசெய்கிறார்.

கடைசி வீட்டில் காபி குடித்து முடிக்கும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். விடியற்காலை ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் முதலில் கிளம்புகிறார்கள். போகும்போது புதியவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறார்கள்: நாளைக்கு எந்த ரயிலில் வருவாய்?