நிலாவோடு வாதாடுகிறவர்கள்

"மரமெல்லாம் பின்னாடி ஓடுது. நிலா மட்டும் ஏன் பாட்டி நம்ம கூடவே வருது?"

சித்ரா பௌர்ணமிக்கு முந்தின மாலை, கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்தில் என் பேத்தி கேட்டது இது. அவளுக்கு நாலரை வயது. ஜன்னல் விளிம்பு அவள் மோவாய் மட்டத்தில் இருந்தது. பாபநாசத்துக் கடைகளோ, சாலையோரப் பலகைகளோ அவள் கண்ணுக்கு எட்டவில்லை. தென்னை உச்சிகள், மின்கம்பிகள், வானம், அவ்வளவுதான். அந்த உயரத்தில் உட்கார்ந்தால் நிலாவைத் தவிர வேறு வழித்துணை கிடையாது. நானும் குனிந்து பார்த்தேன். வந்துகொண்டுதான் இருந்தது.

கணக்கு எளியது. நிலா இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டருக்கு அப்பால். தஞ்சாவூர் வரை நாம் போகிற 40 கிலோமீட்டரால் அது நம் பார்வையில் விலகுவது, அதன் அகலத்தில் எண்பதில் ஒரு பங்குகூட இல்லை. பக்கத்துப் புளியமரமோ ஒரு நொடியில் ஜன்னலைக் கடந்துவிடுகிறது.

இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் எதிரே ஒரு பேருந்து ஹாரன் அடித்துக் கடந்தது. "அந்த பஸ்ல பாப்பா இருந்தா, அது கூடவும் நிலா போகுமா?"

ஸ்விட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே, குழந்தைகள் உலகத்தை எப்படிக் கருதுகிறார்கள் என்று 1926இல் எழுதிய நூலில், நிலா தங்களைப் பின்தொடர்வதாக நம்பும் சிறுவர்களிடம் இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் கேட்டார். இருவர் எதிரெதிர்த் திசையில் நடந்தால் நிலா யாரோடு போகும்? ஆராய்ச்சியாளர் கேட்க வேண்டியதை இவள் தானே கேட்டுக்கொண்டாள். தன் ஜன்னலை விட்டு, முகம் தெரியாத ஒரு குழந்தையின் ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்குச் சிலிர்த்தது.

ஊர் திரும்பியதும் பெரியாழ்வாரை எடுத்தேன். பிள்ளைத்தமிழில், பிள்ளையோடு விளையாட நிலாவைக் கூப்பிடும் அம்புலிப் பருவம் ஏழாவது. அந்த இலக்கிய வகை உருப்பெறுவதற்கு முன்பே, யசோதையாகி நிலாவைக் கூப்பிட்டவர் அவர். குழந்தைக் கண்ணன் கை நீட்டி நிலாவை அழைத்துக்கொண்டே இருக்கிறான். அந்தக் கை வலித்துவிடும், அதற்குமுன் ஓடிவா என்கிறாள் தாய். எத்தனை பிள்ளைகளைத் தூக்கிப் பார்த்த கண் அது! நீட்டிய சின்னக் கை நோகும் என்பது இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பவருக்கே தோன்றும். பிறகு மிரட்டல். பாலகன் என்று அலட்சியம் செய்யாதே, கோபம் வந்தால் பாய்ந்து பிடித்துவிடுவான். சிறியவன் என்று இகழாதே. சிறுமை என்றால் என்ன என்று மாவலியிடம் போய்க் கேள். மூன்றடி மண் கேட்ட குள்ளனுக்கு உலகம் இரண்டடிக்கே தீர்ந்துபோன கதையை, நிலாவுக்குச் சாட்சியோடு நினைவூட்டுகிறாள்.

எனக்கு இதில் பிடித்தது, யசோதை ஓரிடத்திலும் பிள்ளையைத் திருத்தவில்லை என்பது. நிலா தூரம், வராது, அழாதே என்று சொல்வதில்லை. பிள்ளையின் உயரத்தில் நின்று, அவன் பக்கத்து நியாயத்தை எடுத்துக்கொண்டு வானத்தோடு வழக்காடுகிறாள்.

அன்று பேருந்தில் பேத்தியிடம், "ஆமாம், அந்தப் பாப்பா கூடவும் போகும்" என்றேன். "அப்ப அது ரொம்பப் பெரிய நிலா" என்றாள். கிலோமீட்டர் கணக்கைப் பள்ளிக்கூடம் போனதும் சொல்லிக்கொள்ளலாம்.