மகிழ்ச்சிச் சாலையில் கம்பளி மூட்டைகள்

வியட்நாமின் வட கோடியில் உள்ள ஹா ஜியாங் நகரத்தில் ஒரு மைல்கல் நிற்கிறது. பூஜ்ஜியம் என்று எழுதிய கல். சீன எல்லையை ஒட்டிய மலைகளுக்கு ஏறும் 4சி தேசிய நெடுஞ்சாலை அங்கே தொடங்குகிறது. சுமார் 185 கிலோமீட்டர் மலைக்குள் வளைந்து வளைந்து போய், மியோ வாக் என்ற சிற்றூரைச் சேர்கிறது. அரசாங்கக் கணக்கில் அது 4சி. மக்கள் வாயில் அது ஹான் ஃபுக் சாலை, அதாவது மகிழ்ச்சிச் சாலை. பெயர் வைத்தவர் ஹோ சி மின். ஹா ஜியாங் மாகாணம் 2025 ஜூலை 1 முதல் துயென் குவாங் மாகாணத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் அந்த மலைக்குப் போகிறவர்கள் இன்றும் ஹா ஜியாங்குக்குப் போகிறோம் என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு டிசம்பர் விடியலில் அந்தக் கல்லருகே பன்னிரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. பெரும்பாலும் ஹோண்டா வேவ் வண்டிகள். நம்மூர் பால்காரர் ஓட்டும் வண்டியைவிடச் சின்னவை. ஒவ்வொன்றின் பின்னாலும் இரண்டு மூன்று சாக்கு மூட்டைகள். உள்ளே துணி, வெளியே மழைக்காகப் பிளாஸ்டிக் உறை. மூட்டைகளைக் கட்டியிருந்தது கயிறு அல்ல, பழைய டயர் டியூபை நீளவாக்கில் அறுத்த ரப்பர் பட்டை. பள்ளத்தில் வண்டி குதிக்கும்போது கயிறு தளர்ந்துவிடும், ரப்பர் இறுகும். முந்நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹனோயில் அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் திரட்டிய துணிகள் அவை.

இப்படி வண்டியில் ஊர் சுற்றுவதற்கு வியட்நாம் இளைஞர்கள் வைத்திருக்கும் சொல் 'ஃபுவட்'. குளிர்காலம் வந்தால் ஃபுவட் கூட்டங்கள் பல, துணி மூட்டையோடுதான் மலை ஏறுகின்றன. அவர்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. ஓட்டுபவர் 'ஸே'. பின்னால் உட்காருபவர் 'ஓம்'. கட்டிக்கொள்ளுதல் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள். வரிசையின் கடைசி வண்டிக்குப் பெயர் 'சோட்', தாழ்ப்பாள். யாருடைய வண்டி நின்றாலும் தாழ்ப்பாள் அவரைத் தாண்டிப் போகக் கூடாது. நான் அந்தப் பயணத்தில் தாழ்ப்பாள் வண்டியின் ஓம்.

நகரத்தை விட்டதும் சாலை நிமிர்கிறது. பாக் சும் ஏற்றத்தில் கொண்டை ஊசி வளைவுகள் ஒன்றன் மேல் ஒன்றாக மடிந்து கிடக்கின்றன. ஏற ஏற மேகம் முகத்தில் படுகிறது. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் குவான் பா கணவாய். மக்கள் அதை வான்வாசல் என்கிறார்கள். வாசலுக்கு அந்தப் பக்கம் இருப்பது சுண்ணாம்புக்கல் தேசம். தோங் வான் கற்பீடபூமி என்று பெயர். யுனெஸ்கோ 2010இல் வியட்நாமின் முதல் புவிப்பூங்காவாக அதை அங்கீகரித்தது.

பார்க்க வருகிறவனுக்கு அது அதிசயம். வாழ்கிறவனுக்கு அது கல். சுண்ணாம்புப் பாறை மழைநீரைத் தேக்காது, விரிசல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். கோடையில் மழை கொட்டினாலும் குளிர்காலத்தில் குடிக்கத் தண்ணீர் தேட வேண்டும். வயல் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. பாறைக்கும் பாறைக்கும் இடையில் ஒரு கூடை மண் கிடந்தால் அந்தக் குழியில் மக்காச்சோளம் விதைப்பார்கள். மண் இல்லாத குழிக்கு முதுகுக் கூடையில் மண் சுமந்து வந்து நிரப்புவதும் உண்டு. அந்தச் சோளத்தை அரைத்து ஆவியில் வேகவைத்த 'மென் மென்'தான் அங்கே வாழும் ஹ்மொங் இன மக்களின் சோறு.

அந்தக் கல்மேல் குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து, சீனத்தைக் கடந்து, காற்று இறங்குகிறது. தூறலும் மூடுபனியுமாக ஈரத்தோடு வரும் குளிர் அது. வெப்பமானி காட்டும் எண்ணைவிட எலும்புக்குத் தெரிவது அதிகம். 2016 ஜனவரியில் அப்படி ஒரு குளிர் வந்தபோது, பனியைப் பார்த்தே இராத வட வியட்நாம் ஊர்களில்கூடப் பனி விழுந்தது. எருமைகளும் மாடுகளும் ஆயிரக்கணக்கில் செத்தன. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலேயே இருக்கலாம், 7 டிகிரிக்குக் கீழே போனால் நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளும் இருக்கலாம் என்பது ஹனோய்ப் பள்ளிகளின் வழக்கம். மலையில் வீடும் அதே குளிரில்தான் இருக்கிறது.

குவான் பாவைத் தாண்டினால் லுங் தாம் என்ற கிராமம் வருகிறது. அங்கே ஹ்மொங் பெண்கள் சணல் செடியின் பட்டையை உரித்து, இழையாகக் கிழித்து, நடந்துகொண்டே முறுக்கி முறுக்கி நூலாக்குகிறார்கள். நெய்த துணியில் தேன்மெழுகால் கோலம் எழுதி, அவுரியில் தோய்த்து எடுக்கிறார்கள். ஒரு பாவாடைக்கு ஒரு வருஷ உழைப்பு போகும். துணி மூட்டையோடு மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அந்தத் தறிக்கு முன்னால் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். நாம் ஆடை கொடுக்கப் போவது ஆடை தெரியாதவர்களுக்கு அல்ல. விதையிலிருந்து சட்டை வரை தங்கள் கையாலேயே செய்தவர்கள் அவர்கள். வருஷா வருஷம் வளர்கிற பிள்ளைக்கு வருஷா வருஷம் ஒரு கனத்த மேல்சட்டையும் மூடிய செருப்பும் வாங்கக் காசு இல்லை, குறை அவ்வளவுதான்.

இது தெரியாமல் அனுப்பும் மூட்டைகளில் என்னென்ன வருகின்றன என்பதை யென் மின் ஊரில் பார்த்தேன். பூஜ்ஜியக் கல்லிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர், பைன் மரங்களுக்கு நடுவில் இருக்கும் ஊர். இரவு தங்கிய இடத்தில் மூட்டைகளை அவிழ்த்துக் கடைசியாக ஒருமுறை பிரித்தார்கள். மெல்லிய அலுவலகச் சட்டைகள், விருந்துக்குப் போடும் கையில்லாத கவுன், ஒற்றைக் காலுறை, பித்தான் போன கோட்டு. நல்லவையும் இருந்தன. ஆனால் கொடுத்தவர் அலமாரியைக் காலி செய்ததுதான் பாதி மூட்டையில் தெரிந்தது.

எனக்குப் பேகன் நினைவு வந்தது. மயில் தோகை விரித்ததைக் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதன் மேல் போர்த்திய வள்ளல். நம் புலவர்கள் அதற்குக் கொடைமடம் என்று பெயரிட்டுக் கொண்டாடினார்கள். வாங்குகிறவருக்கு அது பயன்படுமா என்று ஆராயாத அந்த ஈரம் பெரியதுதான், மறுக்கவில்லை. ஆனால் பேகன் தான் உடுத்தியிருந்த நல்ல போர்வையைக் கொடுத்தான். தனக்கு வேண்டாததை அல்ல.

யென் மின்னில் இன்னோர் இடத்தையும் பார்க்க வேண்டும். இந்தச் சாலையைப் போடும்போது இறந்த தொண்டர்களின் கல்லறைகள் அங்கே இருக்கின்றன. 1959 செப்டம்பரில் வேலை தொடங்கியது. வட மாகாணங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளந்தொண்டர்களும் அதே அளவு உழைப்பாளிகளும் கடப்பாரையும் சம்மட்டியுமாக வந்தார்கள். 1965 மார்ச்சில் சாலை முடிந்தது. அந்த ஐந்தரை வருஷத்தில் 14 பேர் உயிர் விட்டார்கள். குதிரைத் தடம் மட்டுமே இருந்த மலையில் உப்பும் மருந்தும் போய்ச் சேர ஒரு வழி வேண்டும் என்பதற்காக வந்தவர்கள் அவர்கள். மூட்டை சுமக்கும் இன்றைய பிள்ளைகள் அங்கே வண்டியை நிறுத்தி ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். முன்னால் போனவர்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் செய்யும் மரியாதை.

யென் மின்னுக்கு மேலே தாம் மா ஏற்றம். ஒன்பது வளைவுகள் கீழே பாம்பாய்க் கிடக்கும் காட்சியைப் படம் எடுக்கச் சாலையோரத்தில் எல்லோரும் நிற்கிறார்கள். ஹ்மொங் உடையில், முதுகுக் கூடை நிறையப் பூவோடு, சின்னப் பெண்களும் நிற்கிறார்கள். படம் எடுப்பவர் மிட்டாயோ காசோ கொடுக்கிறார். சில வண்டிகள் மூட்டையை அங்கேயே பிரித்துச் சட்டைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பாசத்தில் செய்வதுதான். ஆனால் சாலையோரத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஐந்து சட்டை கிடைக்கிறது, உள்ளே நாலு கிலோமீட்டரில் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றுமில்லை. அதைவிட மோசம், பள்ளிக்கூடத்தைவிடச் சாலையோரம் லாபம் என்று ஏழு வயதில் அந்தப் பெண் கற்றுக்கொள்கிறாள். எங்கள் வரிசை அங்கே நிற்கவில்லை.

சுங் லா பள்ளத்தாக்கைத் தாண்டி, ஹ்மொங் தலைவர்களான வூவோங் குடும்பத்தின் மாளிகை இருக்கும் சா ஃபின்னைத் தாண்டி, ஓரிடத்தில் தார்ச்சாலையை விட்டு இறங்கினோம். மோட்டார் சைக்கிளுக்கு வேலை இங்கேதான். லாரி இந்த இடத்தோடு நின்றுவிடும். முதலில் சிமெண்டுப் பாதை, ஒரு வண்டி அகலம். பிறகு சரளை. பிறகு தூறலில் குழைந்த செம்மண். ஸே முதல் கியரில் போட்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றித் தள்ளினான். நான் இறங்கிப் பின்னாலிருந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். நாலு கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

பாதை முடிந்த இடத்தில் மண்சுவர் வீடுகள், கல்லடுக்கிய வேலிகள், இரண்டு அறையில் ஒரு பள்ளி. தாய்ப்பள்ளிக்கு நடந்து போக முடியாத சின்னப் பிள்ளைகளுக்காக மலை முழுக்க இப்படிக் கிளைப்பள்ளிகள் உண்டு. ஆசிரியை அங்கேயே தங்கியிருக்கிறார். வியட்நாமிய மொழியிலும் நம்மைப்போல உறவு சொல்லித்தான் அழைக்க வேண்டும். எங்கள் தலைவர் அவரை "அக்கா" என்றார். அவர் எங்களைத் "தம்பிகளே, முதலில் வெந்நீர் குடியுங்கள்" என்றார்.

பிறகு அவர் ஒரு நோட்டை எடுத்தார். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே அதன் பக்கங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து ஹனோய்க்கு அனுப்பியிருந்தார். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பாதம். பிள்ளையின் காலைக் காகிதத்தின் மேல் வைத்து, சுற்றிலும் பேனாவால் கோடு இழுத்திருந்தார். பக்கத்தில் பெயர், வயது, குதிகாலிலிருந்து பெருவிரல் வரை எத்தனை சென்டிமீட்டர், தோளின் அகலம். சில பக்கங்களில் கோடு நடுங்கியிருந்தது. பிள்ளைக்குக் கூச்சம் பொறுக்கவில்லை போலும். ஒரு பக்கத்தில் காய்ந்த மண், கட்டைவிரல் ரேகையோடு அப்படியே ஒட்டியிருந்தது.

அந்த நோட்டை வைத்துத்தான் ரப்பர் பூட்ஸும் காலுறையும் கனத்த மேல்சட்டையும் வாங்கியிருந்தார்கள். பழைய துணியில் தேறியவை பெரியவர்களுக்கு. பிள்ளைகளுக்கு வந்தவை புதியவை, பெயர் எழுதி உறையிட்டவை. முப்பத்தொரு பிள்ளைகள். யாரையும் வரிசையில் நிறுத்தவில்லை, கையேந்த வைக்கவில்லை, படத்துக்கு நிற்கச் சொல்லவில்லை. ஆசிரியை ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். வந்த பிள்ளையைப் பெஞ்சில் உட்காரவைத்து, ஈரக்காலைத் துடைத்து, தானே போட்டுவிட்டார். ஒரு பையனுக்குக் காலுறை என்றால் என்னவென்று புரியவில்லை; கையில் மாட்டிப் பார்த்தான். அளவு எல்லோருக்கும் சரியாக இருந்தது.

வியட்நாமில் ஒரு பழமொழி உண்டு: கிழியாத இலை கிழிந்த இலையைப் பொதிகிறது. இலையில் சோறு கட்டத் தெரிந்த நமக்கு இது எளிதில் விளங்கும். கிழிந்த இலை எங்கே கிழிந்திருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் நல்ல இலையை வைக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு பொதிந்தால் சோறு ஒழுகிவிடும்.

மறுநாள் தோங் வான் பழைய கடைத்தெருவிலிருந்து கடைசித் துண்டில் ஏறினோம். இருபது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதில்தான் மா பி லெங் கணவாய். ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறு பக்கம் கீழே கண்ணுக்கெட்டாத ஆழத்தில் பச்சை நூலாக ஞோ குவே ஆறு. இந்தப் பாறையில் சாலை வெட்ட இளைஞர்கள் இடுப்பில் கயிறு கட்டித் தொங்கினார்கள். தொங்கியபடியே உளியால் துளையிட்டு, வெடிமருந்து வைத்து, 11 மாதம் அங்குலம் அங்குலமாகக் கொத்தினார்கள். இன்று அந்தச் சாலையில் நாம் பதினைந்து நிமிஷத்தில் பறக்கிறோம்.

மியோ வாக்கில் சாலை முடிந்தது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. கயிற்றில் மாடு, கூடையில் கோழி, பாவாடை கட்டிய கூட்டம். எங்கள் வண்டிகளில் மூட்டைகள் இல்லை, ரப்பர் பட்டைகள் மட்டும். தலைவரின் பையில் அந்த நோட்டு இருந்தது. கிளம்பும்போது ஆசிரியை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். அன்று காலையிலேயே புதிய பக்கங்களில் பாதங்களை மறுபடி வரைந்திருந்தார். ஒரு மாதத்தில் கால் வளர்ந்துவிடாதே என்று ஒருவன் கேட்டதற்கு, "அடுத்த வருஷம் வாங்கும்போது இதோடு ஒரு விரல் அகலம் சேர்த்து வாங்குங்கள்" என்றாராம்.

குளிர் இருக்கும் எந்த மலைக்கும் இது பொருந்தும். துணி கொடுக்க நினைக்கிறவர்கள் அலமாரியைத் திறப்பதற்கு முன்னால் அங்குள்ள ஓர் ஆசிரியரை, ஒரு செவிலியரை, ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்துக் கேளுங்கள். எத்தனை பேர், என்ன வயது, கால் எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். சாலை முடியும் இடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பாதீர்கள். பிள்ளை இருப்பது அதற்கும் நாலு கிலோமீட்டர் உள்ளே.