கம்ப்யூட்டருக்குள் ஒரு பத்தாயம்

எங்கள் நாஞ்சில் நாட்டில் பத்தாயம் இருக்கிற வீடுகள் இப்போது குறைந்துவிட்டன. கன்னிப்பூ அறுப்புக்கு முன்னால் பத்தாயத்தை ஒழித்துத் துடைக்கும் பழைய ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. விதைநெல்லை வேறாக எடுத்துப் பத்திரப்படுத்திய பிறகுதான் வாரியலைக் கையில் எடுப்பார்கள். பதரும் தூசியும் அதற்கப்புறம்தான். இந்தக் காலத்துப் பெண்களாகிய நமக்கும் அப்படி ஒழிக்க வேண்டிய ஒரு பத்தாயம் வந்து சேர்ந்திருக்கிறது. அதுதான் வீட்டுக் கம்ப்யூட்டர்.

"சமையலும் கைவைத்தியமும் வருகிற பக்கத்தில் இதென்ன சங்கதி?" என்று நினைக்காதீர்கள், சகோதரிகளே. என் கணவரின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் முடிவுகள், மகளின் மதிப்பெண் பட்டியல், வீட்டு வரி ரசீது, கல்யாண போட்டோ எல்லாம் இப்போது அதற்குள்தானே இருக்கின்றன! முன்பு அரங்கில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தவை, இப்போது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் தொடங்கியது. என்னைப்போல் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றுவிட்ட எத்தனையோ தாய்மார்களின் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் முதன்முதலாக வந்தது அப்படித்தான். எங்கள் வீட்டுக்கும் மகளின் பள்ளி வழியாகத்தான் வந்தது. இத்தனை வருஷமாக அதில் சேர்ந்துகொண்டே வந்ததே தவிர, ஒருநாளும் ஒழித்தது கிடையாது.

போன வருஷம் மகள் ஒரு பரீட்சைக்கு விண்ணப்பம் போட உட்கார்ந்தாள். சான்றிதழைச் சேமிக்கப் போனால் இடமில்லை என்றது. 'சி' என்கிற பகுதியைக் காட்டும் நீலக்கோடு, சிவப்பாக மாறியிருந்தது. பத்தில் ஒரு பங்குகூட காலியில்லை என்றால்தான் அப்படிச் சிவக்குமாம். நாகர்கோவிலில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கிருந்த பையன் பார்த்துவிட்டு, "ஃபார்மேட் பண்ணிரலாம் அக்கா, புதுசு மாதிரி ஆயிரும்" என்றான்.

"அப்ப உள்ளே இருக்கது?" என்று கேட்டேன்.

"அது எல்லாம் போயிரும். வேணும்னா நீங்க முதல்ல எடுத்து வச்சிக்கிடுங்க."

எதை எடுப்பது, எதை விடுவது என்று எங்களுக்கே தெரியாதபோது எப்படிச் சம்மதிப்பது? கம்ப்யூட்டரைத் திரும்ப வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம்.

ஓணத்துக்கு வந்த என் அண்ணன் மகன் ஒரு சாயங்காலம் பொறுமையாகச் சொல்லித் தந்தான். "அத்தை, அழிக்கது எளுப்பம். அழிக்கதுக்கு முன்னால என்ன செய்யணும்னு தெரிஞ்சிக்கிடணும்" என்று ஆரம்பித்தான். அவன் சொன்னதையும் பிறகு நான் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

முதலாவது, நகல். தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, போட்டோ, சான்றிதழ், மருத்துவக் காகிதம் எல்லாவற்றையும் அதில் நகல் எடுக்க வேண்டும். எடுத்த பின் அதை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, நாலைந்தைத் திறந்து பார்த்துவிட வேண்டும். இங்கே பலரும் கவனிக்காத விஷயம் ஒன்று இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருந்ததை டிஸ்க்குக்கு மாற்றிவிட்டு இங்கே அழித்தால், அது நகல் ஆகாது. வெறும் இடமாற்றம்தான். அந்த டிஸ்க் கீழே விழுந்தால் எல்லாம் போயிற்று! ஆகவே முக்கியமானவை எப்போதும் இரண்டு இடத்திலாவது இருக்க வேண்டும். அதில் ஒன்று வேறு வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் வாழைத் தோட்டம் சாய்ந்தது, வீட்டுக்குள் தண்ணீர் ஒழுகியது. அதைக் கண்ட பிறகு, எல்லாவற்றையும் ஒரே கூரைக்கடியில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. இப்போது ஒரு டிஸ்க் அண்ணன் வீட்டு அலமாரியில் இருக்கிறது.

கூகுளில் போட்டு வைக்கலாமே என்பீர்கள். வைக்கலாம்தான். ஆனால் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மட்டுமே. 2021 ஜூன் 1 முதல் ஏற்றுகிற போட்டோக்களும் அந்தக் கணக்கில்தான் சேரும். இன்னொரு ஜாக்கிரதையும் வேண்டும். ஒன்டிரைவ் போன்றவை கம்ப்யூட்டரோடு இணைந்து ஓடும்போது, இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும்.

இரண்டாவது, இடத்தைப் பிடித்திருப்பது எது என்று பார்ப்பது. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'ஸ்டோரேஜ்' என்று போனால், எதற்கு எவ்வளவு இடம் என்று கோடு போட்டுக் காட்டும். நாம் சாதாரணமாகக் கடிதம், காகிதம் என்று சின்னச் சின்னதாக அழிக்கத் தொடங்குவோம். அதில் பிரயோஜனமில்லை. ஒரு போட்டோ 4 எம்.பி. என்று வையுங்கள். 1,400 எம்.பி. உள்ள ஒரு சினிமாவை நீக்கினால் 350 போட்டோவுக்கு இடம் கிடைத்துவிடும்! எங்கள் கம்ப்யூட்டரில் மகளும் அவள் தோழிகளும் ஏற்றிய படங்கள் மட்டும் ஒன்பது இருந்தன. அவற்றை நீக்கியதிலேயே 12 ஜி.பி. கிடைத்தது.

மூன்றாவது, குப்பைத் தொட்டி. நாம் அழிப்பது 'ரீசைக்கிள் பின்'னுக்குத்தான் போகிறது. அதைக் காலி செய்கிறவரை இடம் கிடைக்காது. அங்கணத்தில் போட்டு வைத்த பாத்திரம் மாதிரிதான், துலக்கி எடுத்தால்தான் இடம். காலி செய்யும் முன் ஒருமுறை உள்ளே பார்த்துவிடுங்கள். பென் டிரைவில் இருப்பதை அழித்தால் தொட்டிக்குப் போகாமல் அப்படியே போய்விடும் என்பதையும் ஓர்மையில் வையுங்கள்.

நான்காவது, தற்காலிகக் கோப்புகள். அதே 'ஸ்டோரேஜ்' பக்கத்தில் 'டெம்பரரி ஃபைல்ஸ்' என்று இருக்கும். அதிலுள்ளவற்றை நீக்கினால் பெரும்பாலும் பாதகமில்லை. ஆனால் அந்தப் பட்டியலிலேயே 'டவுன்லோட்ஸ்' என்று ஒரு வரி இருக்கும். அதற்கு மட்டும் டிக் போடாதீர்கள். நாம் இறக்கிய பரிசோதனை முடிவு, ஹால் டிக்கெட், வரி ரசீது எல்லாம் தங்குகிற இடம் அதுதான். அதைக் கையால் ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் நீக்க வேண்டும். இந்த இரண்டு வழியிலும் எங்களுக்கு இன்னும் 9 ஜி.பி. கிடைத்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் நின்றுவிட்டது என்றாலும், 11-லும் வழி இதேதான்.

ஐந்தாவது, தொடக்கூடாதவை. 'விண்டோஸ்', 'புரோகிராம் ஃபைல்ஸ்' என்ற பெயருள்ள இடங்களுக்குள் கை வைக்கவே கூடாது. வேண்டாத மென்பொருளை 'ஆப்ஸ்' பக்கத்தில் போய் 'அன்இன்ஸ்டால்' கொடுத்துத்தான் நீக்க வேண்டும். சுவரில் ஒரு கல் வெளியே தெரிகிறதென்று உருவினால் வீடு என்ன ஆகும்?

நாம் கவனமாக இருந்தால் போதாதா, நகல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2018 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் தானாகவே அழித்துவிட்டது. சில நாட்களிலேயே அதை நிறுத்திவைத்து, திருத்தி, நவம்பர் 13-ல் மறுபடி வெளியிட்டார்கள். அழிந்துபோனவர்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. வேறு இடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் மட்டும் பயப்படாமல் இருந்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. பெயர் தெரியாததைத் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள்.

நானும் அவரும் உட்கார்ந்து ஒழித்துக்கொண்டிருந்தபோது, பெயருக்குப் பதில் வெறும் எண்ணோடு ஒரு ஒலிப்பதிவு கிடந்தது. "என்ன சவமோ, களை பிள்ளே" என்றார் அவர். அண்ணன் மகன் சொன்னதை நினைத்து அதைப் போட்டேன். முதலில் அம்மி அரைக்கிற சத்தம். அப்புறம் என் மாமியாரின் குரல்! "தேங்காயைக் கருக விட்டுராத மக்கா, பைய வறு" என்று பேத்திக்கு உள்ளித்தீயல் சொல்லிக்கொடுக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒப்படைப்புக்காக மகள் பதிவு செய்தது. மாமி காலமாகி ஐந்து வருஷமாகிறது. அவர்களுடைய போட்டோ நிறைய இருக்கிறது. குரல் என்று இருப்பது இந்த ஏழு நிமிஷம்தான். அவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் தடவை போடச் சொன்னார்.

அன்றைக்கே அதற்கு 'ஆச்சி உள்ளித்தீயல்' என்று பெயர் வைத்தாள் மகள். அது பிடித்திருந்த இடம் ஒரு சினிமாவில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஃபார்மேட் செய்திருந்தால், போனது எது என்றுகூட எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அது முதல் எங்கள் வீட்டில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறோம். முக்கியமான எதையும் சேமிக்கும்போதே பெயரும் வருஷமும் போட்டுவிடுவோம். 'அப்பா ரத்தப் பரிசோதனை 2025' என்று இருந்தால் டாக்டரிடம் காட்டும்போது தேடவும் வேண்டாம், தவறி அழிக்கவும் மாட்டோம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் இதற்கு. முதலில் நகல், பிறகு பெரியவை, பிறகு தொட்டி. பத்தில் ஒரு பங்கு இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறோம்.

இதற்குப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை, சகோதரிகளே. பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த ஞாயிறே ஒருமுறை செய்து பாருங்கள். டிஸ்க் கையில் இல்லையென்றால், அதை வாங்குகிற வரைக்கும் எதையும் அழிக்க வேண்டாம்.