அளவுகோலுக்கும் ஓர் அளவுகோல்

துணி அளக்கும் கோல் ஒரு விரற்கடை குறைவாக இருந்தால், அதனால் அளக்கப்படும் துணி முழுவதும் குறைபடும். அளப்பவர் நேர்மையானவராக இருக்கலாம். அவருடைய கண் கூர்மையாகவும் கை உறுதியாகவும் இருக்கலாம். ஆயினும், வாங்கிச் செல்பவருக்குக் கிடைப்பது குறைந்த துணியே. அளவையில் நேரும் பிழைகளுள் கண்டறிய அரியது இதுவே. ஏனெனில், இப்பிழை அளக்கப்படும் பொருளில் இல்லை, அளப்பவரின் செயலிலும் இல்லை, அளவுகோலுக்குள்ளேயே மறைந்திருக்கிறது. மின்னணுக் கருவிகளுக்கும் இவ்வுண்மை பொருந்தும். பிறர் பயன்படுத்திக் கழித்த அதிர்வெண் எண்ணி ஒன்றைத் திறந்து, அதன் படிக அலையியற்றியை மாற்றும் பணி இதனைத் தெளிவாக உணர்த்தும்.

எண்ணும் கருவி

ஒரு மின் அலை ஒரு நொடியில் எத்தனை முறை அதிர்கிறது என்பதை எண்ணிக் காட்டுவது அதிர்வெண் எண்ணி. கல்லூரி ஆய்வகங்களிலும் வானொலிக் கருவிகளைப் பழுதுபார்க்கும் பணிமனைகளிலும் இதனைக் காணலாம். இதன் செயல்முறை எளியது. திருவிழாக் கூட்டம் நுழையும் வாயிலில் ஒருவர் நின்றுகொண்டு, மணி அடித்ததும் எண்ணத் தொடங்கி, அடுத்த மணி அடித்ததும் நிறுத்துவதைப் போன்றது அது. கருவிக்குள் உள்ள மின்னணு வாயில் ஒரு நொடி திறந்து மூடுகிறது. அதற்குள் கடந்து சென்ற அதிர்வுகளின் எண்ணிக்கை முகப்பில் ஒளிர்கிறது.

மணியடிப்பவர் யார் என்பதே இங்கு எழும் வினா. அப்பணியைச் செய்வது குவார்ட்ஸ் படிகம். பெரும்பாலான எண்ணிகளில் இப்படிகம் தரும் அலையின் அதிர்வெண் 10 மெகாஹெர்ட்ஸ். அதாவது, நொடிக்கு 1 கோடி அதிர்வுகள். அந்த ஒரு கோடியும் நிறைவுற்றதும் ஒரு நொடி முடிந்ததாகக் கருவி முடிவுசெய்கிறது. படிகம் சற்றுச் சோர்ந்து, நொடிக்கு 10 அதிர்வுகள் குறைவாகத் தந்தால் என்ன நேரும்? ஒரு கோடி நிறைவுற இன்னும் சிறிது காலம் தேவைப்படும். வாயில் அவ்வளவு காலம் கூடுதலாகத் திறந்திருக்கும். முகப்பில் தோன்றும் எண், பத்து இலட்சத்தில் ஒரு பங்கு மிகுந்து நிற்கும். கடிகாரம் ஒன்று இதே அளவு பிழையுடன் ஓடினால், ஓர் ஆண்டில் ஏறத்தாழ 32 நொடிகள் விலகியிருக்கும்.

படிகத்தின் இயல்பு

குவார்ட்ஸ் படிகத்தை அழுத்தினால் அதில் மின்னூட்டம் தோன்றும் என்பதை 1880ஆம் ஆண்டில் பியர் கியூரி, ழாக் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர் கண்டறிந்தனர். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் மிக நுண்ணிய அளவில் உருமாறும் என்பதும் பின்னர் மெய்ப்பிக்கப்பட்டது. குறிப்பிட்ட அளவில் வெட்டப்பட்ட படிகம், தனக்கே உரிய அதிர்வெண்ணில் அதிரும். இவ்வியல்பைக் கொண்டு 1927இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன், ஹார்ட்டன் ஆகியோர் குவார்ட்ஸ் கடிகாரத்தை உருவாக்கினர்.

படிகம் உறுதியானதுதான், ஆனால் மாறாதது அன்று. அறையின் வெப்பநிலை மாறினால் அதன் அதிர்வெண்ணும் மாறும். ஆண்டுகள் செல்லச் செல்ல, உறைக்குள் எஞ்சிய நுண்துகள்கள் படிகத்தின் மேற்பரப்பில் படிகின்றன. அதனைத் தாங்கும் பிடிகளின் இறுக்கமும் மெல்லத் தளர்கிறது. இவற்றால் நேரும் விலகலைப் படிகத்தின் முதுமை என்பர். அதனைச் சரிசெய்வதற்காகவே சிறு திருகுடன் கூடிய மாறு மின்தேக்கி ஒன்று அருகில் வைக்கப்பட்டிருக்கும். அத்திருகை எவ்வளவு திருப்பியும் உரிய எண் கிட்டவில்லை எனில், அலையியற்றியை மாற்றும் காலம் வந்துவிட்டது எனலாம்.

தன்னைத் தான் சோதித்தல்

பல எண்ணிகளில் தற்சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. அதனை அழுத்தினால், கருவி தன் படிகத்தின் அலையையே உள்வாங்கி எண்ணும். முகப்பில் 10,000,000 என்னும் எண் ஒரு சிறு பிசகுமின்றித் தோன்றும். இதனைக் கண்டு கருவி நல்ல நிலையில் உள்ளது என மகிழ்வோர் உண்டு. ஆனால், படிகம் எவ்வளவு பிழைபட்டிருந்தாலும் இதே எண்தான் தோன்றும். படிகம் சோர்ந்தால் அலை குறையும். அதே அளவில் வாயிலும் கூடுதலாகத் திறந்திருக்கும். ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடும். எண்ணும் சுற்றுகள் பழுதின்றி இயங்குகின்றன என்பதற்கு மட்டுமே அச்சோதனை சான்று. நொடி சரியான நொடிதானா என்பதற்குச் சான்று ஆகாது.

இதன் விளைவு கருவியோடு நின்றுவிடுவதில்லை. ஒரு பணிமனையின் எண்ணி பத்து இலட்சத்தில் பத்துப் பங்கு விலகியிருப்பதாகக் கொள்வோம். 145 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இரு வானொலிகள் அங்கே சரிசெய்யப்பட்டால், இரண்டும் 1450 ஹெர்ட்ஸ் விலகி நிற்கும். ஆயினும், அவை ஒன்றோடொன்று தெளிவாகப் பேசும். இரண்டிற்கும் பிழை ஒன்றே அல்லவா? வேறோர் ஊரில் சரியாக அமைக்கப்பட்ட மூன்றாவது வானொலியோடு பேசும்போதுதான் முரண்பாடு வெளிப்படும். ஒற்றைப் பக்கப்பட்டை முறையில் பேசுவோருக்கு, அவ்விலகலே பேச்சைப் புரியாத ஒலியாக்கப் போதுமானது. பழுதுபார்த்தவரை நம்பிக் கருவியை ஒப்படைத்தவரே அதன் இழப்பை ஏற்க நேரும்.

முதுமையின் சிறப்பு

மாற்றாகப் பொருத்தத் தக்க அலையியற்றிகள் இருவகை. வெப்பநிலை மாற்றத்தைத் தன் சுற்றிலேயே ஈடுசெய்துகொள்வது ஒன்று. படிகத்தைச் சிறு வெப்ப அறைக்குள் அடைத்து, வெளியிலுள்ள வெப்பநிலையைவிட உயர்ந்த, மாறாத வெப்பநிலையில் காப்பது மற்றொன்று. பின்னது விலை மிகுந்தது, நிலைப்பாட்டிலும் சிறந்தது.

இங்கு வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. படிகத்தின் விலகல் தொடக்கக் காலத்தில் விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் நிகழ்கிறது. ஆதலால், தொலைத்தொடர்பு நிலையங்களில் பல்லாண்டு இடைவிடாது இயங்கிப் பின் கழிக்கப்பட்ட வெப்ப அறை அலையியற்றிகளைச் செய்திறன் அறிந்தோர் விரும்பித் தேடுகின்றனர். முதுமையால் ஒரு படிகம் கழிக்கப்படுகிறது. முதுமையாலேயே மற்றொன்று விரும்பப்படுகிறது. அதிர்ந்து அதிர்ந்து அமைதி பெற்ற படிகத்திற்குப் புதியதினும் மதிப்பு மிகுதி.

பொருத்தும் பணிக்குப் பொறுமை வேண்டும். முதலில் மின்னிணைப்பைத் துண்டித்து, மின்தேக்கிகளில் தேங்கிய மின்னூட்டம் நீங்கும்வரை காத்திருத்தல் வேண்டும். பழைய அலையியற்றியின் கால்களிலுள்ள ஈயத்தைச் சால்டரிங் அயர்ன் கொண்டு உருக்கி, உறிஞ்சி எடுக்க வேண்டும்; அவசரப்பட்டு இழுத்தால் பலகையின் செப்புத் தடம் பெயர்ந்துவிடும். வெப்ப அறை தொடக்கத்தில் மிகுதியான மின்னோட்டத்தை ஈர்க்கும். கருவியின் மின்வழங்கி அதனைத் தாங்குமா என முன்னரே கணக்கிடல் வேண்டும். புதிய அலையின் வடிவமும் வீச்சும் பழைய சுற்றுக்கு ஏற்றவையா என்பதையும் ஆராய வேண்டும்.

ஒப்பிடும் அறம்

பொருத்தியவுடன் பணி முடிந்துவிடுவதில்லை. நெடுநாள் அணைந்திருந்த படிகம் மீண்டும் நிலைபெறச் சில நாள்கள் ஆகலாம். அதன்பின் அதனைத் தன்னினும் உயர்ந்த ஓர் அளவையோடு ஒப்பிட வேண்டும். வழிகாட்டுச் செயற்கைக்கோள்களில் அணுக் கடிகாரங்கள் உள்ளன. அவற்றின் சைகையைப் பெற்றுத் தன்னைத் திருத்திக்கொள்ளும் அலையியற்றிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. அதன் 10 மெகாஹெர்ட்ஸ் அலையையும் புதிய படிகத்தின் அலையையும் ஆசிலாஸ்கோப்பின் திரையில் அருகருகே காணலாம். ஓர் அலை மற்றொன்றைவிட்டு ஒரு முழு அலை தொலைவு நகரப் பத்து நொடிகள் ஆனால், பிழை பத்துக் கோடியில் ஒரு பங்கு. நகர்வு மேலும் மெதுவாகுமாறு, உலோகமல்லாத திருகுளி கொண்டு நுண்மையாகத் திருத்த வேண்டும்; உலோகம் அருகில் வந்தாலே அலை விலகக்கூடும்.

அச்செயற்கைக்கோளின் நொடியும் தானே முளைத்தது அன்று. 1967ஆம் ஆண்டின் உலக உடன்பாட்டின்படி, சீசியம்-133 அணுவின் கதிர்வீச்சு 9,192,631,770 முறை அதிரும் காலமே ஒரு நொடி. இந்தியாவில் அந்நொடியைப் பேணும் பொறுப்பு புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது. சிறு பணிமனையின் மேசைமீது உள்ள பழைய எண்ணியும், இவ்வொப்பீட்டினால் அந்த நீண்ட சங்கிலியில் ஒரு கண்ணியாகிறது.

எல்லாம் முடிந்தபின், தேர்ந்த பணியாளர் கருவியின் மூடியில் சிறு தாள் ஒன்றை ஒட்டுவார். ஒப்பிட்ட நாள், கண்ட விலகல், மீண்டும் ஒப்பிட வேண்டிய நாள் ஆகிய மூன்றும் அதில் இருக்கும். புதிய படிகமும் நாளடைவில் விலகும் என்பதை அவர் அறிவார். முகப்பில் மின்னும் எண்களை நம்பலாமா என்பதற்கு விடை, அவ்வெண்களில் இல்லை. மூடியில் ஒட்டிய அச்சிறு தாளில்தான் இருக்கிறது.