ஊதா எண்ணெயும் சிவந்த முகமும்

திண்டுக்கல் என்றதும் உங்களுக்கு எது ஞாபகம் வரும்? பூட்டா, புகையிலையா, பிரியாணியா? என்னுடன் வந்த அக்காவுக்கு இவற்றில் ஒன்றுமே கண்ணில் படவில்லை. ஊரை ஒட்டித் திண்டு போலச் சாய்ந்து கிடக்கும் பாறையையும், மதுரை நாயக்கர்கள் 1605-ல் அதன் மேல் கட்டத் தொடங்கிய கோட்டையையும்கூட அவள் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அவள் தேடி வந்தது எண்ணெய்!

அக்காவுக்கு இரண்டு வருஷமாக ஓர் உபத்திரவம். வெயிலில் நின்றால் கன்னமும் மூக்கும் சிவந்துவிடும். சூடாகக் காபி குடித்தால் இன்னும் சிவக்கும். "கோபமா, வெட்கமா?" என்று கேலி வேறு. கேலி பொறுக்காமல் கல்யாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். வெட்பாலைத் தைலம் தடவினால் போய்விடும் என்று யாரோ சொல்ல, உடனே புறப்பட்டுவிட்டோம்.

சிறுமலைக்குப் போகும் பாதை பதினெட்டு கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறது. மேலே போனால் பேர் பெற்ற சிறுமலை வாழைப்பழம். நாங்கள் அடிவாரத்திலேயே இறங்கிவிட்டோம். காய்ந்த புதர்க்காட்டுக்கு நடுவே வெட்பாலை நின்றது. இலையைக் கிள்ளினால் பால் வடிகிறது. காய்கள் ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன. கர்நாடகத்துச் சென்னபட்டணத்தில் மரப் பொம்மை கடைவது இந்த மரத்தில்தான்.

பக்கத்துக் குடிசை வாசலில் ஒரு பாட்டி தேங்காய் எண்ணெயில் இலையைப் போட்டுக் கண்ணாடிப் பாத்திரத்தில் வெயிலுக்கு வைத்திருந்தாள். சில நாள் வெயில் குடித்த எண்ணெய் நாவற்பழ நிறமாக மாறியிருந்தது.

"இரும்பு படக் கூடாது தம்பி, கையாலேதான் கிள்ளிப் போடணும்" என்றாள்.

"எதுக்குப் பாட்டி தடவுவாங்க?"

"செதில் செதிலா உதிருமே, அந்தப் படைக்கு. பொடுகுக்கும் போடுவோம்."

அக்கா தன் முகத்தைக் காட்டினாள். பாட்டி மோவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "செதிலே இல்லையே தாயி! இதுக்கு நான் போட்டுப் பார்த்ததில்லை" என்று சொல்லிவிட்டாள். விற்க வேண்டியவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை!

மறுநாள் மதுரைச் சாலையில் காந்திகிராமம். டாக்டர் சௌந்தரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தோற்றுவித்த இடம். அம்மையார் ஆங்கில வைத்தியம் படித்தவர். இங்கே கஸ்தூரிபா ஆஸ்பத்திரியும் உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்து செய்யும் லட்சுமி சேவா சங்கமும் உண்டு. இரண்டும் சண்டையில்லாமல் இருப்பதைப் பார்த்ததும் அக்காவுக்குத் தைரியம் வந்தது. டவுனுக்குத் திரும்பி ஒரு தோல் டாக்டரிடம் போனோம்.

"இதற்கு ரோசேஷியா என்று பெயர்" என்றார் அவர். "முகத்து ரத்தக் குழாய்கள் எளிதில் விரிந்துகொள்ளும் வியாதி. வெயில், அடுப்புச் சூடு, காரம், கொதிக்கும் பானம், மது எல்லாம் இதைத் தூண்டும். எண்ணெயை அழுத்தித் தேய்த்தாலும் அதிகமாகலாம். கண் உறுத்தினால் உடனே காட்ட வேண்டும். அது சரி, முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள்?"

அக்கா தயங்கித் தயங்கி ஒரு சிவப்பழகுக் கிரீமைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். டாக்டர் புரட்டிப் பார்த்தார். ஸ்டீராய்டு! முதலில் பளபளக்க வைத்து, பிறகு முகத்தையே சிவக்க வைக்கும் சமாசாரம். திடீரென்று நிறுத்தினாலும் சீறுமாம். டாக்டர் சொல்கிறபடிதான் விட வேண்டும்.

"இயற்கை மருந்தே கிடையாதா?" என்று அக்கா விடவில்லை.

டாக்டர் சிரித்தார். இதற்குப் பூசும் அசிலாயிக் அமிலம் கோதுமையிலும் பார்லியிலும் உள்ள பொருளாம். இன்னொரு மருந்தான ஐவர்மெக்டின், ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரிலிருந்து வந்தது. அதற்காக 2015-ல் நோபல் பரிசே கொடுத்தார்கள். மருந்து மூலிகையா, மாத்திரையா என்பதற்கு முன்னால் நோய் எது என்று தெரிய வேண்டும். பாட்டி சொன்னதும் அதைத்தானே?

ஊதா எண்ணெய் ஒரு புட்டி வாங்கித்தான் வந்தோம். அக்கா பிள்ளையின் பொடுகுக்கு ஆயிற்று. அக்கா தனக்கென்று வாங்கிக்கொண்டது ஒரு குடை. பிரியாணிக் கடையைத் தாண்டும்போது மட்டும் அதைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்!