வாங்கி வந்தார்கள்... போட்டார்களா?

சர்க்கரை, பிரஷர், கொலஸ்ட்ரால் என்று புதிதாக மாத்திரை எழுதிக் கொடுத்தால், எல்லோரும் அன்றே போட ஆரம்பித்துவிடுவதில்லை. பாதியில் நிறுத்துகிறவர்களைப் பற்றிப் பேசுகிறோம். தொடங்காமலே இருப்பவர்கள் யார் கண்ணிலும் படுவதில்லை.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவுக்குப் புதிதாக எழுதப்பட்ட சீட்டுகளில் சுமார் 31 சதவிகிதத்துக்கு மருந்தே வாங்கப்படவில்லை. ரத்த அழுத்தத்துக்கு இது 28 சதவிகிதம். வாங்கி வந்து அலமாரியில் வைத்தவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலிலேயே கொடுக்கிறது. அலைச்சலும் செலவும் மிச்சம். ஆனால், வாசலிலிருந்து வாய்க்குப் போக, மனசும் ஒத்துக்கொள்ள வேண்டுமே!

54 வயது அம்மா ஒருவருக்கு அந்த மனசு வரவில்லை. சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வந்தது; அட்டை பிரிக்கப்படவில்லை. வெந்தயமும் பாகற்காய்ச் சாறும் போதும் என்று இருந்துவிட்டார். மூன்று மாதம் கழித்து டாக்டர், "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டபோது, "போடுறேன் டாக்டர்" என்றார். ரிசல்ட்டில் சர்க்கரை குறையவில்லை. மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் டோஸைக் கூட்டினார்.

அன்று மாலை மகள் அலமாரியில் பழைய அட்டைகளைப் பார்த்துவிட்டாள்.

"ஏம்மா, ஒண்ணுகூடப் போடலையா?"

"ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விட முடியாதுன்னாங்கடி..."

வீட்டில் எல்லோரும் திட்ட, பயந்துபோய் கூட்டிய டோஸை அன்றிரவே போட்டார். கோபத்தில் சரியாகச் சாப்பிடவும் இல்லை. விடியற்காலையில் உடம்பெல்லாம் வியர்வை, கை நடுக்கம். சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்த பிறகுதான் தெளிந்தார். சில வகை சர்க்கரை மாத்திரைகள், சாப்பாடு குறைந்தால் சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும்.

மறுநாள் டாக்டரிடம் உண்மையைச் சொன்னார்கள். அவர் குறைந்த டோஸிலிருந்து புதிதாக ஆரம்பித்தார்.

மாத்திரை போடாததைவிட, போட்டதாகச் சொன்னதுதான் அந்த வீட்டில் ஆபத்தாகிவிட்டது. 'நல்லாத்தானே இருக்கேன்', 'வயிறு கெடும்', 'கிட்னி போயிடும்' என்று ஆளுக்கொரு பயம் இருக்கும். மெட்ஃபார்மின் ஆரம்பத்தில் சிலருக்கு வயிற்றைக் கலக்குவது உண்மைதான். சாப்பாட்டோடு போடவும், சிறிய அளவில் தொடங்கவும் டாக்டரால் வழி சொல்ல முடியும். அதற்கு அந்தப் பயம் அவர் காதுக்குப் போக வேண்டும்.

இங்கிலாந்தில் 2011 முதல், சில நோய்களுக்குப் புது மருந்து தொடங்குபவர்களை ஒன்றிரண்டு வாரத்தில் மருந்தாளுநரே விசாரிக்கும் சேவை இருக்கிறது. இங்கே அதை வீட்டில் இருப்பவர்களே செய்யலாம். புது மாத்திரை வந்த முதல் வாரத்தில், "போட்டியா?" என்று அதட்டாமல், "அதைப் போட ஏதாவது பயமா இருக்காம்மா?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாலே போதும். பதில் எதுவானாலும், அடுத்த முறை டாக்டரிடம் அதை அப்படியே சொல்லிவிடலாம்.